கடல் ஏஞ்சல் மீன்: கடையில் ஜோடி கேட்டால் ஏன் சண்டைதான் வீட்டுக்கு வருகிறது?

பெங்களூரில் வேலை, வாடகை வீடு. ஹாலில் ஒரு உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒருவழியாகத் தொட்டியும் வந்துவிட்டது, முதலில் விட்ட இரண்டு க்ளவுன் மீன்களும் நன்றாக இருக்கின்றன. அடுத்து கண்ணில் படுவது நெருப்பு நிறத்தில் ஒரு ஃப்ளேம் ஏஞ்சல். "ஒத்தையா விட்டா பாவம், ஜோடியா குடுங்க" என்று கேட்கிறீர்கள். கடைக்காரரும் ஒரே அளவில் இரண்டைப் பிடித்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்.

மூன்றாவது நாள் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால், ஒரு மீன் பாறைகளுக்கு நடுவே ராஜா மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று வால் கிழிந்து, மோட்டாருக்குப் பின்னால் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சாப்பிட வரவில்லை. கடைக்குப் போன் செய்தால் கிடைக்கும் பதில்: "ரெண்டும் ஆணா அமைஞ்சிருக்கும் சார்."

விஷயம் அது இல்லை. வாங்கும்போது அந்த இரண்டுமே பெண்ணாக இருந்திருக்கலாம். யார் ஆண் ஆவது என்பதற்குத்தான் அந்தச் சண்டை.

கடல் ஏஞ்சல் மீன்களில் ஜோடி என்பது கடையில் எடுத்து வரும் பொருள் இல்லை. அளவு, இடம், வரிசை என மூன்றையும் சரியாக அமைத்தால் உங்கள் தொட்டியில் அது உருவாகும். எப்படி என்று பார்ப்போம். பெங்களூர் வீட்டில் இதைச் செய்யும்போது வரும் சிக்கல்களையும், பலரும் கவனிக்காத ஒரு சட்ட விஷயத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

எந்த ஏஞ்சலைப் பற்றிப் பேசுகிறோம்?

சென்னை கொளத்தூர் கடைகளில் வரிசையாகப் பார்த்திருப்பீர்களே, முக்கோண வடிவில், நீண்ட துடுப்புகளோடு? அது நன்னீர் ஏஞ்சல். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து மீன். ஐந்தாறு குட்டிகளை ஒன்றாக வளர்த்தால், வளர்ந்தபின் அவையே தங்களுக்குள் ஜோடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்த அனுபவத்தை அப்படியே கடல் தொட்டிக்கு எடுத்து வந்தால் தோல்விதான். பெயர் மட்டும்தான் ஒன்று. குடும்பம் வேறு, குணம் வேறு.

கடல் ஏஞ்சல்கள் பொமகாந்திடே என்ற குடும்பம். உலகம் முழுவதும் சுமார் 90 இனங்கள் இருக்கின்றன. பார்க்க வண்ணாத்தி மீன் போலவே தட்டையாக இருக்கும். அடையாளம் காண எளிய வழி, செவுள் மூடியின் கீழ்ப்பக்கம் பின்னோக்கி நீளும் ஒரு முள். வண்ணாத்தியில் அது கிடையாது. இந்த முள் வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஏஞ்சலை வலையில் பிடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாரி எடுப்பது நல்லது.

இவை நமக்கு அந்நியமான மீன்களும் இல்லை. மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் கடல்களில் எம்பரர் ஏஞ்சல் போன்ற பெரிய இனங்கள் வாழ்கின்றன. எம்பரரின் குட்டி கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். வளர்ந்த மீனுக்கோ நீல உடலில் மஞ்சள் கோடுகள். இரண்டும் அவ்வளவு வேறுபட்டிருப்பதால், 1801ஆம் ஆண்டு குட்டிக்கு நிக்கோபார் தீவின் பெயரை வைத்துத் தனி இனமாகவே பதிவு செய்துவிட்டார்கள். நிறம் மாறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் குடும்பத்தில் பாலினமே மாறும்.

ஆண் எது, பெண் எது?

பெரும்பாலான கடல் ஏஞ்சல்கள் முதலில் பெண்ணாகத்தான் முதிர்ச்சி அடைகின்றன. குட்டி ஏஞ்சல்கள் என்று சொல்லப்படும் சென்ட்ரோபைஜி வகையில் வழக்கமான குடும்ப அமைப்பு இதுதான்: ஒரு பெரிய ஆண், அதன் எல்லைக்குள் அதைவிடச் சிறிய சில பெண்கள். பெண்களுக்குள்ளும் வரிசை உண்டு. பெரியது சின்னதை விரட்டும், சின்னது அதைவிடச் சின்னதை விரட்டும்.

ஆண் இறந்துவிட்டால்? வெளியிலிருந்து புது ஆண் வரவேண்டிய அவசியம் இல்லை. அங்கே இருக்கும் பெண்களில் மூத்தது முதலில் ஆணைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கும். அடுத்த சில வாரங்களில் உடலும் மாறி ஆணாகிவிடும். ஜப்பானின் மியாகே தீவில் ஜாக் மோயரும் அகினோபு நகாசோனோவும் ஒரு சென்ட்ரோபைஜி இனத்தைக் கடலுக்குள்ளேயே பின்தொடர்ந்து இதைப் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு 1978இல் வெளியானது. பின்னாளில் வந்த ஆய்வுகளில், இந்த வகையின் சில இனங்களில் ஆண் மறுபடி பெண்ணாக மாறுவதும் தெரியவந்தது. ஆனால் அது நடக்கும் என்று நம்பி இரண்டு ஆண்களைத் தொட்டியில் விடக்கூடாது. மாற்றம் நடந்து முடியும் வரை தோற்ற மீன் உயிரோடு இருக்கணுமே.

இதை நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், இங்கே ஆண் என்பது பிறப்பில் வருவது இல்லை, பதவி. காலி இடம் ஒன்றுதான். ஒரே அளவுள்ள இரண்டு மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் இரண்டுமே அந்தப் பதவிக்குத் தகுதியானவை என்று நினைத்துக்கொள்ளும். கடலில் தோற்றது வேறு பாறைக்கு ஓடிவிடும். நான்கு அடித் தொட்டியில் ஓட இடம் ஏது?

அதனால் முதல் விதி இதுதான்: ஒரே அளவில் இரண்டு வாங்கவே கூடாது. ஒன்று கண்ணுக்குத் தெளிவாகப் பெரியதாகவும் மற்றொன்று சிறியதாகவும் இருக்க வேண்டும். பெரியது 8 செ.மீ. என்றால் சிறியது 5 செ.மீ. இருந்தால் நல்லது. வரிசை ஏற்கெனவே தெரிந்துவிட்டால் சண்டைக்கான காரணம் பாதி போய்விடும். இரண்டும் இளம் மீன்களாக இருந்தால் இன்னும் வசதி. பல மாதம் தனியாக இருந்து ஒரு தொட்டியைத் தன் எல்லையாக்கிக்கொண்ட பெரிய ஏஞ்சலுக்குத் துணை தேடுவதுதான் இருப்பதிலேயே கடினம்.

எந்த இனம் வீட்டுக்குச் சரிவரும்?

குட்டி ஏஞ்சல்கள்: கோரல் பியூட்டி, ஃப்ளேம் ஆகியவை பெரும்பாலும் 10 செ.மீ. அளவிலேயே நின்றுவிடும். ஒரு ஜோடிக்குக் குறைந்தது 300 லிட்டர், நான்கு அடி நீளமுள்ள தொட்டி, ஒன்றையொன்று பார்க்காமல் ஒளிய நிறைய பொந்துகள் வேண்டும். நானோ தொட்டியில் ஒன்றே ஒன்றை வைப்பதும் நெருக்கடிதான். லெமன்பீல், பைகலர், ஐபிள்ஸ் போன்றவை 15 செ.மீ. வரை வளரும், கோபமும் அதிகம். அவற்றுக்கு இன்னும் பெரிய தொட்டி தேவை.

ஜெனிகாந்தஸ் வகை: "ஆண், பெண் பார்த்துத்தான் வாங்குவேன்" என்பவர்களுக்கு இதுதான் பதில். இந்தக் குடும்பத்தில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறத்தில் இருப்பது இந்த வகையில்தான் மிகத் தெளிவு. உதாரணமாக ஸ்வாலோடெயில் ஏஞ்சலில் ஆணுக்கு உடல் முழுக்கக் கறுப்புக் கோடுகள். பெண்ணுக்கு மேல்பாதி மஞ்சள், கீழே வெளிர் நீலம், வால் ஓரங்களில் கறுப்பு. இவை பாறையைக் கொத்தாமல், நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத் தின்பவை. ஆனால் 18 செ.மீ. அளவுக்கு வளரும், நாள் முழுக்க நீந்தும். 500 லிட்டருக்குக் குறைவாக யோசிக்க வேண்டாம். குதித்து வெளியே விழும் பழக்கம் இருப்பதால் வலை மூடியும் கட்டாயம். இரண்டு பெண்களை வாங்கினால் பெரியது ஆணாக மாறக்கூடும். ஆண்களை இரண்டாக வாங்காதீர்கள்.

பெரிய ஏஞ்சல்கள்: எம்பரர் 40 செ.மீ. வரை வளரும். கடையில் இருக்கும் 7 செ.மீ. குட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. கடலில் ஆணும் பெண்ணும் இரண்டே இரண்டாகச் சேர்ந்து சுற்றும் வழக்கத்துக்குப் பேர்போனவை கரீபியக் கடலின் ஃப்ரெஞ்ச் ஏஞ்சல் போன்ற பெரிய இனங்கள்தான். ஆனால் அந்த ஜோடி தன் எல்லைக்குள் வேறு ஏஞ்சலை விடாமல் காக்கும். அவ்வளவு பரப்பை அபார்ட்மென்ட் ஹாலில் கொடுக்க முடியாது. அதனால் வீட்டில் ஜோடி என்றால் குட்டி ஏஞ்சல் அல்லது ஜெனிகாந்தஸ், அவ்வளவுதான்.

ஜோடி சேர்ப்பது எப்படி?

முதலில் தொட்டி பழக வேண்டும். தண்ணீரில் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். ஏஞ்சலுக்கு அது மட்டும் போதாது. பாறைகளில் மெல்லிய பாசி படர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் குட்டி ஏஞ்சல் நாள் முழுக்க அதைத்தான் மேயும். ஆறு மாதம் ஓடிய தொட்டி என்றால் நிம்மதி. மற்ற மீன்களை எல்லாம் விட்டபின், கடைசியாக ஏஞ்சல் வரட்டும்.

அடுத்து, தனிமைத் தொட்டி. புது மீன்களைக் குறைந்தது 4 வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனித் தடுப்பில். கடல் மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணி, மீனின் உடலிலிருந்து விழுந்து பாறையில் கூடுகட்டி உறங்கும். ஆய்வில் பதிவான அதிகபட்ச உறக்கம் 72 நாள். பெரிய தொட்டிக்குள் அது நுழைந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியே எடுத்துவிட்டு அதைவிட அதிக நாள் தொட்டியைக் காலியாக வைக்க வேண்டியிருக்கும். செப்பு கலந்த மருந்துதான் வழக்கமான சிகிச்சை. குட்டி ஏஞ்சல்கள் செப்பைத் தாங்குவது கஷ்டம் என்பதால், அளவைச் சோதனைக் கிட்டில் பார்த்து மெதுவாக ஏற்றணும். குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

பிறகு அறிமுகம். சின்ன மீனை முதலில் பெரிய தொட்டியில் விடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் அது இடத்தைப் பழகிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு பெரியதைக் கொண்டு வாருங்கள், ஆனால் நேரடியாக விட வேண்டாம். துளைகள் போட்ட கண்ணாடி போன்ற பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, அதில் 5 முதல் 7 நாள் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும், கடிக்க முடியாது. பெட்டியைத் திறக்கும் நாளில் பாறைகள் சிலவற்றை இடம் மாற்றி வையுங்கள். "இது என் ஏரியா" என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் பழைய அடையாளம் இருக்காது. விளக்கை அணைத்துவிட்டு மாலையில் திறப்பது இன்னும் நல்லது.

திறந்த பிறகு என்ன நடந்தால் பரவாயில்லை? பெரியது சின்னதைக் கொஞ்ச தூரம் விரட்டிவிட்டுத் திரும்பிவிடும். சின்னது உடலைச் சாய்த்து ஒதுங்கிப் போகும். இரண்டுமே சாப்பிடும். இதெல்லாம் வரிசையைப் பேசித் தீர்த்துக்கொள்வது மாதிரி. சில நாளில் அடங்கும்.

என்ன நடந்தால் உடனே பிரிக்கணும்? துடுப்பு கிழிவது, சின்னது மேல்மட்ட மூலையை விட்டு நகராதது, இரண்டு நாளாகச் சாப்பிடாதது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாலால் அடித்துக்கொண்டே இருப்பது. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று விடுவதில்தான் பெரும்பாலான மீன்கள் சாகின்றன. பெட்டிக்குள் போட வேண்டியது விரட்டும் மீனைத்தான். அடிபட்டது வெளியே சுதந்திரமாக மேய்ந்து தேறட்டும். இரண்டு முறை முயன்றும் ஒத்துவரவில்லை என்றால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போதே கடையில் இதைப் பேசி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாப்பாட்டிலும் சண்டை குறையும். ஒரே இடத்தில் ஒரே நேரம் போடாமல், தினம் இரண்டு மூன்று முறை, தொட்டியின் இரண்டு முனைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கடற்பாசித் தாள், ஸ்பைருலினா கலந்த உணவு, உறைந்த மைசிஸ் இறால், ஏஞ்சல்களுக்கென்றே வரும் கடற்பஞ்சு கலந்த உறைந்த உணவு எல்லாம் மாற்றி மாற்றி.

பெங்களூரில் ஒரு துண்டுக் கடல்

கடலிலிருந்து வெகு தூரம் தள்ளி, 900 மீட்டர் உயரத்தில் நாம் இருக்கிறோம். இதில் சில வசதிகளும் உண்டு, சில வம்புகளும் உண்டு.

வெப்பம் ஒரு வசதி. தொட்டிக்குத் தேவை 25 முதல் 27 டிகிரி. சென்னையில் சில்லர் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். இங்கே வருஷத்தின் பெரும்பகுதி நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும் ஒரு சின்ன மின்விசிறி சமாளித்துவிடும். ஏப்ரல் மாதம் மட்டும் கவனம். அதே சமயம் டிசம்பர் இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் ஊர் இது. ஹீட்டர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காற்று ஒரு வம்பு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 10% குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். உப்புத் தண்ணீரும் வெதுவெதுப்பும் ஏற்கெனவே ஆக்சிஜனைக் குறைப்பவை. அதனால் மேல்மட்டம் எப்போதும் அலைபாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் முதலில் ஆபத்து வருவது இங்கிருந்துதான். வீட்டு இன்வெர்ட்டரில் அலை பம்பை மட்டுமாவது இணைத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து மேலே ஏற்றப்பட்டு வருகிறது, அதில் குளோரின் இருக்கும். போர்வெல், டேங்கர் நீரில் உப்புகள் அதிகம். இரண்டையும் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. ஆர்.ஓ. மட்டும் இல்லாமல், டி.ஐ. ரெசினும் சேர்ந்த வடிகட்டி தேவை. அந்த நீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்புக் கலவை போடணும். 300 லிட்டருக்கு 10 கிலோவுக்கு மேல். சமையல் கல்லுப்பு இதற்கு உதவாது. ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத வடிகட்டிய நீரைத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

இதில் நாம் பேசாமல் விடக்கூடாத ஒன்று: ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல நீர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். வாரம் 30 லிட்டர் மாற்றினால் 60 முதல் 90 லிட்டர் கழிவு. 2024 மார்ச்சில் இந்த நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது ஞாபகம் இருக்கலாம். கழிவு நீரை ஒரு டிரம்மில் பிடித்து வீடு துடைக்கவும் டாய்லெட்டுக்கும் பயன்படுத்துங்கள். பக்கத்து வீட்டில் டேங்கருக்குக் காத்திருக்கும்போது நம் வீட்டுக் குழாய் சும்மா ஓடக்கூடாது.

கடைசியாக எடை. 300 லிட்டர் தொட்டி, தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட், கீழே சம்ப் எல்லாம் சேர்ந்தால் 500 கிலோவை நெருங்கும். வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது இந்தியத் தரக் குறியீட்டில் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அது தளம் முழுவதும் பரவிய கணக்கு என்பதால் தொட்டி வைத்ததும் தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஹாலின் நடுவில் வைக்காமல் பீமுக்கு மேல், சுவரை ஒட்டி வைப்பது, வைக்கும் முன் ஒரு பொறியாளரையும் வீட்டு ஓனரையும் கேட்பது அவசியம். நம் வாடகை ஒப்பந்தம் 11 மாதம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏஞ்சல் மீன் 10 ஆண்டு தாண்டி வாழக்கூடும். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கடலையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதை யோசித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பவளம் வைக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ரீஃப் தொட்டி என்றாலே பவளம்தானே என்று நினைப்போம். இந்தியாவில் இங்கேதான் நிறைய பேர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

2001ஆம் ஆண்டு முதல் பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல் 1இல் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். கடலிலிருந்து எடுப்பது மட்டுமல்ல, விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். இறந்துபோன பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸ் அனுமதியும் இறக்குமதி ஆவணங்களும் வேண்டும். சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்துவிட்டன. "கடையில ஓப்பனாத்தானே விக்கிறாங்க" என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது. கையெழுத்தோடு பில், அனுமதியின் நகல் இல்லாத பவளத்தை வாங்காதீர்கள்.

ஏஞ்சல் மீன்களின் நிலை வேறு. பெரும்பாலான இனங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. மெக்சிகோ பக்கம் வாழும் கிளேரியன் ஏஞ்சல் மட்டும் 2016 மாநாட்டில் சைட்ஸ் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மற்றபடி எங்கே பிடித்த மீன் என்பது முக்கியம். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிப்பதற்குத் தடை இருக்கிறது.

சட்டம் ஏன் இவ்வளவு கறார்? தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் அங்கே பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுகள் கரைந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. மிச்சம் இருக்கும் பவளங்களும் 2016 போன்ற கடும் கோடைகளில் வெளுத்துச் செத்தன. அந்தப் பாறையிலிருந்து உடைத்த ஒரு துண்டு நம் ஹாலில் அழகுக்கு இருக்கணுமா?

நல்ல செய்தி என்னவென்றால், ஏஞ்சல் ஜோடிக்குப் பவளம் தேவையே இல்லை. சொல்லப்போனால் பவளமும் குட்டி ஏஞ்சலும் ஒத்துப்போகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு கோரல் பியூட்டி இரண்டு வருடம் சாதுவாக இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று சதைப்பற்றுள்ள பவளத்தைக் கொத்த ஆரம்பிக்கும். ஏஞ்சலுக்கு வேண்டியது பொந்துகள், மேய்வதற்குப் பாசி, நீந்த இடம். செயற்கையாகச் செய்த பீங்கான் பாறைகள், சிமென்ட் பாறைகள் இதற்குப் போதும். ஆறு மாதத்தில் ஊதாப் பாசி படர்ந்து, இயற்கைப் பாறை மாதிரியே ஆகிவிடும். சட்டமும் மீனும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன.

முட்டையிடுமா?

ஜோடி சேர்ந்துவிட்டது என்பதற்குச் சரியான அத்தாட்சி சாயங்காலம்தான் தெரியும். விளக்கு மங்கும் நேரத்தில் பெரியது துடுப்புகளை விரித்து சின்னதைச் சுற்றி வரும். இரண்டும் பாறையை விட்டு மேலே எழும். ஆண் பெண்ணின் வயிற்றில் வாயை வைத்து உரசும். ஒரு நொடியில் முட்டைகளையும் விந்தையும் விட்டுவிட்டு இரண்டும் கீழே பாயும். கடலிலும் அந்தி நேரத்தில்தான் இது நடக்கிறது. ஹவாயின் பாட்டர்ஸ் ஏஞ்சல் பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் முட்டையிடுவதாக 1978இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. உங்கள் தொட்டியில் இது நடக்கணும்னா விளக்கு சட்டென்று அணையாமல் மெல்ல மங்கும்படி டைமர் வைக்க வேண்டும். எழும்ப உயரமும் வேண்டும். இரண்டடி ஆழமுள்ள தொட்டி நல்லது.

குஞ்சு கிடைக்குமா என்றால், வீட்டில் கிட்டத்தட்ட இல்லை. முட்டைகள் மிதக்கும், ஒரு நாளுக்குள் பொரியும். லார்வா ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிய உணவு என்ன என்பதே பல ஆண்டுகள் புதிராக இருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் குட்டி ஏஞ்சல்களை வளர்த்துக் காட்டினார். கோபிபாட் என்ற நுண்ணிய கடலுயிரியின் குஞ்சுகள்தான் விடை. இன்று பாலியில் பெரிய ஏஞ்சல்களையும் பண்ணையில் வளர்க்கிறார்கள். நம் நாட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களில் க்ளவுன், டாம்சல் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. க்ளவுன் வாங்கும்போது பண்ணையில் வளர்ந்ததைக் கேட்டு வாங்குவது இன்று சாத்தியம். ஏஞ்சலில் இன்னும் பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான் வருகிறது. பண்ணை மீன் கிடைத்தால், விலை அதிகம் என்றாலும் அதையே எடுங்கள். மனிதர் போடும் உணவுக்குப் பழகியிருக்கும், இளம் வயதில் கிடைக்கும், ஜோடி சேர்ப்பதும் எளிது.

கடைக்குப் போகும் முன்

இந்த ஐந்து கேள்விகளை போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. இந்த மீன் எங்கிருந்து வந்தது? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பகுதிகளில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் சில வாரம் நன்றாக இருந்துவிட்டுச் சாகும்.

2. கடைக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு? பத்து நாளாவது ஆகியிருக்கட்டும்.

3. என் கண் முன்னால் சாப்பிடுமா? சாப்பிடாத மீனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டதும் எடுத்துக்கொள்ளலாம்.

4. இரண்டுக்கும் அளவில் தெளிவான வித்தியாசம் இருக்கா? இல்லை என்றால் ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

5. ஒத்துப்போகாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?

முதலில் கேட்ட அந்த "ஒத்தையா விட்டா பாவம்" என்ற கவலைக்கும் பதில் சொல்லிவிடலாம். குட்டி ஏஞ்சல் தனியாக இருந்தால் ஏங்கிப் போகாது. நல்ல பாறை, நல்ல பாசி, சண்டை இல்லாத அக்கம்பக்கம் இருந்தால் ஒற்றை மீனாகவே பல வருஷம் நிம்மதியாக வாழும். 300 லிட்டரும் ஆறு மாதப் பொறுமையும் இப்போது கையில் இல்லை என்றால், ஒன்றோடு நிறுத்திக்கொள்வதில் தப்பே இல்லை. பாவம் என்று நினைக்க வேண்டியது, மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் அந்த இரண்டாவது மீனைத்தான்.